94 விழுக்காடும் 10,000 அடியும்

1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை மட்டுமே சுமந்துகொண்டு காட்டிலிருந்து ஆலைக்கு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு பருமன். எத்தனை கட்டை ஏற்றினால் வரம்பைத் தொடும் என்பதை ஓட்டுநர் கண்ணால்தான் கணிக்க வேண்டும், தாண்டிவிட்டால் வம்பு. எதற்கு வம்பு என்று குறைவாகவே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முடிந்த மட்டும் ஏற்றுங்கள் என்று நிர்வாகம் சொல்லிப் பார்த்தும் பலனில்லை.

கேரி லேதம் என்ற உளவியலாளர் அந்த இடத்தில் ஒரே ஒரு எண்ணைக் கொண்டுவந்து வைத்தார்: 94 விழுக்காடு. எட்டினால் பரிசு கிடையாது, எட்டாவிட்டால் தண்டனையும் கிடையாது என்று ஓட்டுநர்களிடம் சொல்லப்பட்டது. முதல் மாதம் சுமை 80 விழுக்காட்டுக்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70க்கு இறங்கியது. விசாரித்தபோது காரணம் தெரிந்தது: தண்டிக்க மாட்டோம் என்று நிர்வாகம் சொன்னது நிஜமா என்று ஓட்டுநர்கள் ஆழம் பார்த்திருக்கிறார்கள். யாரும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் சுமை 90ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. யார் லாரி எவ்வளவு ஏற்றி வந்தது என்று தங்களுக்குள் போட்டியும் பிறந்துவிட்டது. ஒன்பது மாதங்களில் நிறுவனத்துக்கு மிச்சமானது இரண்டரை லட்சம் டாலர். 1975இல் வெளிவந்த இந்த ஆய்வு, இலக்கு நிர்ணயம் பற்றிய துறையின் அடித்தளங்களில் ஒன்று.

அந்த அடித்தளத்துக்கு மேல் கோட்பாட்டைக் கட்டியவர் எட்வின் லாக். 1968இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து 2002இல் லேதமும் அவரும் சேர்ந்து எழுதிய 35 ஆண்டுக் கணக்கெடுப்பு வரை திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்றுதான்: தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு, ‘முடிந்ததைச் செய்’ என்பதைவிட நல்ல பலன் தருகிறது. ஆனால் அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைகளும் உண்டு. வேலையைச் செய்யும் திறமை ஏற்கெனவே இருக்க வேண்டும், இலக்கில் மனம் ஒப்பியிருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவ்வப்போது தெரிய வேண்டும். ஓக்லஹோமா ஓட்டுநர்களுக்கு இவை எல்லாமே இருந்தன. லாரியில் கட்டை ஏற்றுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு நடைக்கும் எடை மேடையில் கணக்கு தெரிந்துவிடும்.

சொந்த இலக்குகள் பெரும்பாலும் இப்படி அமைவதில்லை. ‘இந்த வருடம் ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும்’ என்று முடிவெடுப்பவருக்கு அதை எப்படிச் செய்வது என்றே தெரியாது. எந்த எடை மேடையும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. தொழிற்சாலைக்கும் ஆலைக்கும் பிறந்த கோட்பாடு தனிமனிதரின் டைரிக்குக் குடிபெயர்ந்தபோது நிபந்தனைகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. ‘ஸ்மார்ட்’ இலக்குகள் என்று பயிலரங்குகளில் சொல்லித்தரப்படும் சூத்திரத்தின் கதையும் இதுதான். ஜார்ஜ் டோரன் 1981இல் மேலாளர்களுக்கான ஓர் இதழில் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையில் வந்த சூத்திரம் அது. வேலைக்கு யார் பொறுப்பு என்று குறிப்பதும் அவர் சொன்ன ஐந்தில் ஒன்று. தனிமனித முன்னேற்றத்துக்கு அந்த அம்சம் பொருந்தாததால், பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துவிட்டு ‘எட்டக்கூடியது’ என்பதை அங்கே வைத்தார்கள்.

நிஜமான ஆய்வுகள் இத்தனை இருக்க, ஊரெல்லாம் பரவியது நடக்காத ஓர் ஆய்வு. தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்டுப் பழகியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டும் தங்கள் இலக்கைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மற்ற 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தைவிட அவர்களுடைய சொத்து அதிகமாம். சில மேடைகளில் யேல் ஹார்வர்டாக மாறும், ஆண்டும் மாறும். ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற அமெரிக்க வணிக இதழ் 1996இல் இந்தக் கதையின் மூலத்தைத் தேடிப் போனது. ஒரு பேச்சாளர் இன்னொருவரைக் கை காட்டினார், அவர் மற்றொருவரைக் காட்டினார். கடைசியில் யேல் பல்கலைக்கழகமே அப்படி ஓர் ஆய்வு நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஆண்டுகள் பல ஓடிவிட்டன. கதை இன்னும் ஓயவில்லை. எழுதி வைத்தாலே காசு வந்துவிடும் என்றால் யாருக்குத்தான் கேட்கக் கசக்கும்?

கற்கவே தொடங்காத ஒரு வேலைக்குக் கடினமான எண்ணை வைத்தால் என்ன ஆகும்? ரூத் கான்ஃபரும் ஃபிலிப் அக்கர்மனும் 1989இல் இதைச் சோதித்தார்கள். அமெரிக்க விமானப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கணினியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலையைச் செய்யச் சொன்னார்கள். கற்றுக்கொள்ளும் தொடக்க கட்டத்திலேயே கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் பின்தங்கினார்கள். விதிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கவனத்தை எண்ணைப் பற்றிய கவலை தின்றுவிட்டது. லேதமும் பின்னாளில் இதே திசைக்கு வந்தார். தெரியாத வேலையில் இறங்குபவருக்கு ‘இத்தனை மதிப்பெண்’ என்ற இலக்கைவிட ‘இதைச் செய்ய மூன்று வழிகள் கண்டுபிடி’ என்பது போன்ற கற்றல் இலக்கே உதவுகிறது என்பது அவருடைய முடிவு. ஆங்கிலம் பழகுபவருக்கு ‘ஆறு மாதத்தில் சரளம்’ என்பது ஓட்டுநர்களுக்கு வைத்த வகை இலக்கு. ‘இந்த வாரம் வங்கியில் ஒரு படிவம் கேட்டு வாங்கும் அளவுக்குப் பேச என்னென்ன வாக்கியம் வேண்டும்’ என்பது கற்றல் இலக்கு.

பெரிய இலக்கை உடைத்துக்கொள்வது பற்றிய பழைய சோதனை ஒன்று இன்றைக்கும் சோடைபோகவில்லை. கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு ஆல்பர்ட் பண்டுராவும் டேல் ஷங்கும் 42 பக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் ஏழு அமர்வில் 42 பக்கமும் முடிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் அமர்வுக்கு ஆறு பக்கம் என்றார்கள். கணக்கு ஒன்றே. ஆறு பக்கக் குழு வேகமாக முன்னேறியதோடு, கணக்குப் போடுவதில் ஆசையும் காட்டியது.

இனி, நினைப்புக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. இந்த இடத்தில் ஆராய்ச்சி உலகம் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறது: ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளில் எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டார். பாதிப் பேரிடம் கூடுதலாக ஒரே ஒரு வேலை சொன்னார்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். குறித்தவர்களில் நான்கில் மூவர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான். எழுத வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் இருந்தது. பிரிட்டனில் சாரா மில்னும் சகாக்களும் 2002இல் உடற்பயிற்சியை வைத்து இதையே செய்து பார்த்தார்கள். வாரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள், வெறுமனே விடப்பட்ட குழுவில் 38 விழுக்காடு. பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன கேடு என்று படிக்கவைக்கப்பட்ட குழுவில் 35 விழுக்காடு. நாள், நேரம், இடம் ஆகியவற்றையும் எழுதிக்கொடுத்த குழுவில் 91. பயமுறுத்தி நடக்கவைக்க நினைக்கும் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. இப்படிப்பட்ட 94 சோதனைகளைக் கோல்விட்சரும் பஸ்கால் ஷீரனும் 2006இல் தொகுத்துப் பார்த்தபோதும் இந்தச் சிறிய ஏற்பாட்டின் பலன் குறையாமல் நின்றது.

கோல்விட்சரின் வாழ்க்கைத் துணையும் ஆய்வாளருமான கேப்ரியேல் எட்டிங்கன் பிடித்துக்கொண்டது கனவை. எடை குறைக்க வந்த 25 பெண்களை அவர் 1991இல் ஆராய்ந்தார். மெலிந்தபின் எப்படியிருப்போம் என்று இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள், சந்தேகத்தோடு கற்பனை செய்தவர்களைவிட ஓராண்டில் ஏறக்குறைய 11 கிலோ குறைவாகவே இழந்தார்கள். பழச்சாறு குடித்துக்கொண்டே பட்டினி கிடக்க முடியாது என்பது போலத்தான்; கனவிலேயே பாதிப் பசி ஆறிவிடுகிறது. ஆசைப்படுவதை முதலில் நினைத்துவிட்டு, அதற்குக் குறுக்கே நிற்கும் தனக்குள்ளான தடை எது என்று உடனே எண்ணிப்பார்ப்பதுதான் அவர் சொல்லும் மாற்று. 25 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எட்டிங்கன் பின்னாளில் படிப்பு, வேலை தேடுதல் என்று பல இடங்களில் இதே போக்கைக் கண்டார்.

இலக்கை ஊருக்குச் சொல்ல வேண்டுமா? இங்கே ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்வதுபோலத் தெரியும். கோல்விட்சர் குழு 2009இல் சட்ட மாணவர்களைச் சோதித்தது. நல்ல வழக்கறிஞர் ஆக என்ன செய்யப்போகிறோம் என்பதை இன்னொருவர் படித்துப் பார்த்தார் என்று தெரிந்த மாணவர்கள், பிறகு சட்ட வேலைக்குக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். சொன்னவுடனேயே பாதி வழக்கறிஞர் ஆகிவிட்ட நினைப்பு. மறுபக்கம், பெஞ்சமின் ஹார்கின் குழு 2016இல் 138 ஆய்வுகளைத் தொகுத்தபோது, முன்னேற்றத்தை அவ்வப்போது பார்த்துக் குறித்துவைப்பது உதவுகிறது, அந்தக் கணக்கு மற்றவர்களுக்கும் தெரிந்தால் இன்னும் உதவுகிறது என்று வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு பெரிதாக இல்லை. ‘எழுத்தாளன் ஆகப்போகிறேன்’ என்று அறிவிப்பது ஒன்று. ‘இந்த வாரம் எட்டுப் பக்கம் எழுதினேன்’ என்று காட்டுவது வேறு.

உளவியல் துறை இதையெல்லாம் அளந்து பார்ப்பதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போடுபவரை எடுத்துக்கொள்ளலாம். தொடங்கும் தேதி முன்பே தெரியும். 41 நாள் என்ற எல்லையும் தெரியும். புகை, மது, கறி, செருப்பு என்று விட வேண்டியவை தெளிவாக இருக்கின்றன; அதிகாலைக் குளியல், மாலைப் பூசை என்று செய்ய வேண்டியவற்றுக்கு நேரமும் குறித்தாகிவிட்டது. கறுப்பு வேட்டியும் கழுத்து மாலையும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சேதி சொல்லிவிடுகின்றன. டீக்கடைக்காரர் “சாமி, என்ன வேணும்?” என்று கேட்கும்போது பக்கத்துத் தட்டிலிருக்கும் சிகரெட்டை எடுக்கக் கை வருமா? வழிநடத்த குருசாமி, கூடவே அதே விரதத்தில் ஒரு குழு. கோல்விட்சரும் ஹார்கினும் தனித்தனியாகக் கண்டெடுத்த பல அம்சங்கள் இதில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. அடுத்த பாதியையும் சொல்லத்தான் வேண்டும். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கடைக்குப் போய் நிற்பவர்களையும் எல்லா ஊரும் அறியும். ஏற்பாடு எடுக்கப்பட்டதும் நடத்தையும் திரும்பிவிடுகிறது.

நகைக்கடைகளின் 11 மாதச் சீட்டிலும் இதே தர்க்கம் இருக்கிறது. மாதாமாதம் கட்டு, நடுவில் எடுக்காதே, முடிவில் நகையாகத்தான் கிடைக்கும். கையில் காசு இருந்தால் செலவாகிவிடும் என்று தெரிந்தவர்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளும் வழி. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு கிராமப்புற வங்கியுடன் சேர்ந்து நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். குறித்த தொகையோ தேதியோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கை முன்வைத்தபோது 28 விழுக்காட்டினர் ஏற்றுக்கொண்டார்கள். ஓராண்டில், அந்த வாய்ப்பு தரப்பட்ட குழுவின் சேமிப்பு வளர்ச்சி, தரப்படாத குழுவைவிட 81 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல். அதே வங்கியில் புகைபிடிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு திறக்கப்பட்டது. ஆறு மாதம் பணம் போட வேண்டும். பிறகு சிறுநீர்ச் சோதனை. நிகோடின் இருந்தால் போட்ட பணம் முழுவதும் தர்மத்துக்குப் போய்விடும். 11 விழுக்காட்டினர்தான் துணிந்தார்கள். இருந்தும், அந்த வாய்ப்பு பெற்ற குழுவில் சோதனையில் தேறியவர்கள் 3 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம். எண் சின்னதுதான். ஆனால் மற்ற பல சோதனைகளைப் போலன்றி, ஓராண்டு கழித்துத் திடீரென்று நடத்திய சோதனையிலும் அது நின்றது.

புத்தாண்டுத் தீர்மானங்களை எல்லோரும் கேலி செய்கிறார்கள். அந்த அளவுக்கு அவை மோசமில்லை. ஜான் நார்கிராஸ் 1980களில் தீர்மானம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்தார்: ஒரு வாரம் தாண்டியவர்கள் 77 விழுக்காடு, இரண்டு ஆண்டு கழித்தும் நிலைத்தவர்கள் 19 விழுக்காடு. இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் 2002இல் அவர் வேறு கேள்வி கேட்டார்: மாற வேண்டும் என்ற அதே விருப்பம் இருந்தும் தீர்மானம் எடுக்காதவர்கள் என்ன ஆனார்கள்? ஆறு மாதத்தில், தீர்மானம் எடுத்தவர்களில் 46 விழுக்காடு வெற்றி, எடுக்காதவர்களில் 4. ஸ்வீடனில் ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, தீர்மானத்தின் வடிவத்தைப் பார்த்தது. ஒன்றைப் புதிதாகச் செய்வேன் என்றவர்களில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் வென்றதாகச் சொன்னார்கள்; ஒன்றை விடுவேன், தவிர்ப்பேன் என்றவர்களில் 47. இவையெல்லாம் அவரவர் வாய்மொழி என்பதையும் மறக்கக்கூடாது.

இலக்கில் வைக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மெரினாவிலும் ஊர்ப் பூங்காக்களிலும் காலையில் நடப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எட்ட நினைக்கும் 10,000 அடி எந்த மருத்துவ ஆய்விலும் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் ஒரு கடிகார நிறுவனம் அடி எண்ணும் கருவியை அந்த எண்ணையே பெயராகச் சூட்டி விற்றது. ஐ-மின் லீ தலைமையில் 2019இல் வெளியான ஆய்வு, சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களை ஒப்பிட, 4,400 அடி நடந்தவர்களின் மரண விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நடை குறைந்ததால் நோயா, நோயால் நடை குறைந்ததா என்பதை இத்தகைய ஆய்வால் முழுவதும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 4,000 அடியோடு சோர்ந்துபோய், எட்டவில்லையே என்று நடையையே விட்டுவிடும் ஒரு மூதாட்டிக்கு அந்த விளம்பர எண் செய்திருக்கும் கெடுதலை நினைத்துப் பார்க்கலாம்.

முழு எண்களின் இழுப்பு ஓட்டக்காரர்களிடம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். எரிக் ஆலனும் சகாக்களும் 2017இல் ஏறக்குறைய 98 லட்சம் மாரத்தான் நேரங்களை அலசினார்கள். நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்பாக முடித்தவர்கள் கூட்டமாகக் குவிந்திருந்தார்கள். நான்கைத் தாண்டியவுடன் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. 3:59க்கும் 4:01க்கும் உடம்புக்கு என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் கடைசி இரண்டு கிலோமீட்டரில், எல்லைக்கு அருகே இருந்தவர்கள் எங்கிருந்தோ பலம் பிடித்துவந்து ஓடியிருக்கிறார்கள்.

அதே இழுப்பு தவறான எண்ணோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி உதாரணம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்ற இலக்கை எட்ட, ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள். தனிமனித இலக்கில் இவ்வளவு பெரிய மோசடி நடப்பதில்லை. இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அடிக்கணக்கைப் பூர்த்தி செய்பவர், ‘ஆண்டுக்கு ஐம்பது புத்தகம்’ என்பதற்காக மெலிந்த புத்தகங்களாகத் தேடிப் பொறுக்குபவர் என்று சில்லறையாக நடக்கும்.

21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல், அறுவைக்குப் பிறகு புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியதன் திரிபு அது. ஃபிலிப்பா லாலி லண்டனில் 96 பேரை வைத்து அளந்தபோது நடுமதிப்பு 66 நாளாக வந்தது. சிலருக்கு 18 நாள் போதும் என்றும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்றும் கணக்கு விரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை.

அந்த ஒரு நாள்தான் பலருக்கும் கண்டம். கேட்டி மில்க்மன் தலைமையில் 2021இல் வெளியான மாபெரும் சோதனையில் 61,293 ஜிம் உறுப்பினர்களிடம் 54 வகையான ஊக்கங்கள் முயன்று பார்க்கப்பட்டன. முதலிடம் பிடித்தது, ஒரு நாள் தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால் சில சென்ட் பெறும் புள்ளிகள் கூடுதலாகத் தருவது. மரிஸ்ஸா ஷரிஃபும் சூசன் ஷுவும் கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: வாரம் ஏழு நாள் என்று கடினமாகக் குறித்து, அவசரத்துக்கு இரண்டு விலக்கும் வைத்துக்கொண்டவர்களில் 53 விழுக்காட்டினர் இலக்கை எட்டினார்கள். வாரம் ஐந்து நாள் என்று எளிதாகக் குறித்தவர்களில் 26 விழுக்காடு. விலக்கே இல்லாத ஏழு நாள் குழுவில் 21 விழுக்காடு. மில்க்மனின் சோதனைக்குக் கசப்பான ஒரு பின்குறிப்பும் உண்டு. நான்கு வார ஊக்கம் முடிந்த பிறகும் பலன் தந்தவை, முயன்ற வழிகளில் 8 விழுக்காடு மட்டுமே. மாலையைக் கழற்றியவர் கதைதான்.

கடைசியாக, விட்டுவிடுவது. இதைப் பற்றித் தன்முன்னேற்ற நூல்கள் மூச்சு விடுவதில்லை. கார்ஸ்டன் ரோஷும் சகாக்களும் 2003 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள், எட்ட முடியாது என்று தெரிந்த இலக்கிலிருந்து விலக முடிந்தவர்கள் மனநிம்மதியோடு இருக்கிறார்கள் என்றும், வேறொரு இலக்கில் கால் பதிக்க முடிந்தவர்களுக்கு அது இன்னும் கூடுகிறது என்றும் காட்டுகின்றன. குடிமைப்பணித் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு ஆறு வாய்ப்பு, 32 வயது என்று யூபிஎஸ்சியே கோடு போட்டுவிடுகிறது. டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வுகளில் பல பதவிகளுக்குப் பட்டதாரிகளான பிற்படுத்தப்பட்ட, பட்டியலின வகுப்பினருக்கு உச்ச வயது வரம்பு இல்லை. சமூக நீதிக் கணக்கில் அது சரியான சலுகை. ஆனால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரருக்குக் கோடு போட்டுத் தர யாரும் இல்லை. எத்தனையாவது முயற்சியோடு நிறுத்துவது, நிறுத்தினால் அடுத்து எந்த வேலை என்ற இரண்டையும் முதல் விண்ணப்பம் போடும் நாளிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லும் பயிற்சி மையத்தைப் பார்ப்பது அரிது. மையங்களின் விளம்பரப் பலகைகளில் தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள் மட்டும்தான் இடம்பெறுகின்றன.